அமெரிக்கக் கவுண்டி ஒன்றின் பண்ணை மானியக் கணக்கை வாசிப்பது எப்படி

அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்குக் கொடுக்கும் மானியம் யாருக்குப் போனது, எந்த நாளில் போனது, எத்தனை டாலர் போனது என்பதை இன்று எவரும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். இந்த வசதி தானாக வந்துவிடவில்லை. பருத்தி மானியம் பெற்றவர்களின் விவரங்களைக் கேட்டு வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தொடுத்த வழக்கில், அவற்றை மறைக்கக் கூடாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அதன் பின் 2001-இல் என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு, மானியப் பதிவுகளைக் கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வாரியாகத் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்தது. இப்போது வேளாண்மைத் துறையின் கீழ் இயங்கும் பண்ணைச் சேவை முகமையே ஆண்டுதோறும் கோப்புகளை வெளியிடுகிறது. வேளாண் கொள்கை படிக்கும் மாணவர்களும், செய்தியாளர்களும், பிற நாட்டு மானியங்களை ஒப்பிட்டுப் பேசுவோரும் இந்தக் கோப்புகளை அடிக்கடி எடுத்தாளுகிறார்கள். ஆனால் பெயருக்கு நேரே உள்ள தொகையை மட்டும் வைத்துக்கொண்டு, இவர் கொழுத்த பண்ணையார், இவர் ஏமாந்த சிறு விவசாயி என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் தவறாகவே போகிறது. ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ஒரு நிலம், ஒரு பயிர்க் கணக்கு, ஓர் ஆண்டின் விலை, ஒரு நபருக்கான உச்சவரம்பு என்று பல இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

கவுண்டியின் நிலத்திலிருந்து தொடங்குங்கள்

மானியக் கோப்பைத் திறப்பதற்கு முன்பே அந்தக் கவுண்டியில் என்ன விளைகிறது, எவ்வளவு மழை பெய்கிறது, நிலம் மேடா பள்ளமா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள விட்மன் கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன். கால்ஃபாக்ஸ் அதன் தலைநகர். மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் புல்மன் அதன் பெரிய ஊர். பலூஸ் என்று அழைக்கப்படும் இப்பகுதி, காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் மண்ணால் ஆன குன்றுகள் நிறைந்தது. கிழக்குப் பக்கம் மழை ஓரளவு நன்றாகப் பெய்யும். மேற்கே போகப்போக வறண்டு, ஓர் ஆண்டு விதைத்தால் மறு ஆண்டு தரிசாகப் போட வேண்டிய நிலை வந்துவிடும். கோதுமைதான் முதன்மைப் பயிர். அதனுடன் பார்லி, பட்டாணி, மசூர், வெள்ளைக் கொண்டைக்கடலை ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயிரிடுகிறார்கள்.

இவ்வளவு தெரிந்தாலே, கோப்பில் எதை எதிர்பார்க்கலாம் என்பது புலப்பட்டுவிடும். கோதுமைக்கும் பருப்புக்கும் உரிய விலை ஆதரவுத் தொகைகள் இருக்கும். சரிவான நிலம் என்பதால் மண் அரிப்பைத் தடுக்கப் புல் விதைத்து விட்டுவைக்கும் திட்டத்தின் வாடகைத் தொகையும் இருக்கும். பால் பண்ணைக்கான தொகையோ நெல்லுக்கான தொகையோ பெரிய அளவில் தென்பட்டால், எங்கோ கவுண்டி மாறிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

2022-ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பில் கவுண்டி வாரியான அட்டவணை இருக்கிறது. அரசுத் தொகை பெற்ற பண்ணைகள் எத்தனை, மொத்தத் தொகை எவ்வளவு என்பதை அங்கே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கெடுப்பில், ஆண்டுக்கு 1,000 டாலர் மதிப்புக்கு விளைபொருள் விற்றதோ, சாதாரணமாக விற்கக் கூடியதோ எல்லாமே பண்ணைதான். சில குதிரைகளை வளர்க்கும் வீடும் அதில் வந்துவிடும். ஆகவே கவுண்டியின் மொத்த மானியத்தை மொத்தப் பண்ணைகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி சொல்வதில் பொருளே இல்லை. மானியம் பெற்ற பண்ணைகளால் மட்டுமே வகுக்க வேண்டும். அப்போதும் சராசரியோடு நிறுத்தாமல் நடு மதிப்பையும் (தொகைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதையும்) சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கோப்பில் உள்ள நெடுவரிசைகள்

பண்ணைச் சேவை முகமையின் கோப்பு எக்செல் வடிவில் வருகிறது. அதில் ஒரு வரி என்பது ஒரு நபரைக் குறிப்பதன்று, ஒரு பணப் பட்டுவாடாவைக் குறிப்பது. ஒரே விவசாயியின் பெயர் ஓர் ஆண்டில் பல வரிகளில் வரலாம் என்பதால் முதலில் பெயரும் முகவரியும் சேர்த்துத் தொகுத்துக்கொள்ள வேண்டும். பெயரை மட்டும் வைத்துத் தொகுத்தால், அப்பாவும் மகனும் ஒரே பெயர் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் அங்கே ஏராளம் என்பதால் இருவர் ஒருவராகிவிடுவார்கள்.

மாநிலமும் கவுண்டியும் முதல் நெடுவரிசைகளில் இருக்கும். அது, பண்ணையின் பதிவேட்டை எந்தக் கவுண்டி அலுவலகம் பராமரிக்கிறதோ அந்தக் கவுண்டி. பணம் பெறுபவரின் ஊரும் அஞ்சல் குறியீடும் வேறு நெடுவரிசைகளில் இருக்கும். இந்த இரண்டும் ஒத்துப்போகாத வரிகளைத் தனியே எடுத்து வைப்பது நல்லது. நிலம் விட்மனில் இருக்க, உரிமையாளர் சியாட்டிலில் இருக்கலாம். அக்கம்பக்கக் கவுண்டிகள் இரண்டிலும் நிலம் வைத்திருப்பவர் தன் பதிவேடு முழுவதையும் ஒரே அலுவலகத்தில் வைத்திருக்கவும் கூடும். முகவரியை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு விடையும், பதிவுக் கவுண்டியை வைத்துப் போட்டால் இன்னொரு விடையும் வரும். எதை வைத்துப் போட்டீர்கள் என்பதைக் கட்டுரையில் சொல்லிவிட வேண்டும்.

இவற்றை அடுத்துத் தொகை, பணம் கொடுத்த நாள், திட்டத்தின் குறியீடு, திட்டத்தின் பெயர், திட்ட ஆண்டு (தொகை எந்த ஆண்டுக்கு உரியதோ அந்த ஆண்டு) ஆகியவை வரும். பணம் கொடுத்த நாளும் திட்ட ஆண்டும் வேறு வேறு என்பதை மறந்தவர்கள் செய்த பிழைகளை நான் பல கட்டுரைகளில் கண்டிருக்கிறேன். கோதுமையின் சந்தைப் பருவம் ஜூன் மாதம் தொடங்கி அடுத்த மே மாதம் முடிகிறது. 2019-இல் அறுத்த கோதுமைக்கு உரிய விலை ஆதரவுத் தொகை, அந்தப் பருவத்தின் சராசரி விலை தெரிந்த பிறகு, 2020 அக்டோபரில்தான் கைக்கு வந்தது. அதே 2020-இல் கோவிட் உதவித் தொகையும் வந்தது. ஒரே ஆண்டில் வாங்கினார்கள் என்று இரண்டையும் கூட்டி, அந்த ஆண்டின் விளைச்சலோடு ஒப்பிட்டால் கதை முழுவதும் கோணலாகிவிடும். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குவதால் மூன்றாவதாக ஓர் ஆண்டுக் கணக்கும் உண்டு. திட்ட ஆண்டை முதன்மையாகக் கொண்டு, பணம் வந்த நாளை அடைப்புக்குள் குறிப்பதே குழப்பம் தராத வழி.

தொகை எப்படி உருவாகிறது

நேரடித் தொகை என்ற பழைய முறையை 2014-ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டம் நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாக இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்று பிஎல்சி எனப்படும் விலை இழப்புக் காப்பு; சந்தை விலை, சட்டம் வைத்த குறிப்பு விலைக்குக் கீழே போனால் அந்த இடைவெளியைத் தருவது. மற்றொன்று ஏஆர்சி எனப்படும் வேளாண் இடர்க் காப்பு. இரண்டும் விவசாயி இப்போது பயிரிடும் ஏக்கரைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. பண்ணையின் பழைய பயிர் வரலாற்றை வைத்து, இந்த நிலத்துக்கு இத்தனை ஏக்கர் கோதுமை, இத்தனை ஏக்கர் பார்லி என்று எழுதி வைத்திருக்கிறார்கள்; அதற்கு அடிப்படை ஏக்கர் என்று பெயர். அந்த ஏக்கரிலும் பொதுவாக 85 சதவீதத்துக்குத்தான் பணம் கிடைக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் கோப்பை எத்தனை முறை புரட்டினாலும் பயனில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கற்பனைப் பண்ணை ஒன்றுக்கு 400 ஏக்கர் கோதுமை அடிப்படை இருக்கிறது என்றும், பதிவேட்டில் உள்ள அதன் விளைச்சல் ஏக்கருக்கு 60 புஷல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புஷல் கோதுமை என்பது 60 பவுண்டு, ஏறத்தாழ 27 கிலோ. 2019 பயிராண்டில் கோதுமைக்குச் சட்டம் வைத்த குறிப்பு விலை புஷலுக்கு 5.50 டாலர், நாடு முழுவதற்குமான சராசரிச் சந்தை விலை 4.58 டாலர். இடைவெளி 92 சென்ட். 60 புஷலால் பெருக்கினால் ஏக்கருக்கு 55.20 டாலர், 400 ஏக்கரில் 85 சதவீதமான 340 ஏக்கரால் பெருக்கினால் 18,768 டாலர். நாடாளுமன்றத்தின் செலவுக் குறைப்புச் சட்டப்படி அதிலிருந்து 5.7 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு, ஏறத்தாழ 17,698 டாலரை 2020 அக்டோபரில் கொடுத்திருப்பார்கள். அடுத்த பயிராண்டில் சராசரி விலை 5.05 டாலருக்கு ஏறியதால், பிடித்தத்துக்கு முன் அதே பண்ணைக்குக் கிடைப்பது 9,180 டாலராகக் குறைகிறது. 2021 பயிராண்டில் விலை 7.63 டாலர், ஒரு சென்ட்கூடக் கிடையாது.

மூன்று ஆண்டும் அந்த விவசாயி அதே நிலத்தை அதே உழைப்போடு உழுதிருக்கிறார். கோதுமைக்குப் பதிலாக அந்த ஆண்டு கொண்டைக்கடலை விதைத்திருந்தாலும் கோதுமை அடிப்படைக்கு உரிய தொகை அவருக்கு வந்திருக்கும். ஆகவே ஒரே ஆண்டின் தொகையைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. குறைந்தது ஐந்து பயிராண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

ஏஆர்சி திட்டத்தின் பரவலான வடிவம் கவுண்டியையே அளவுகோலாகக் கொள்கிறது. ஐந்து ஆண்டுகளின் விளைச்சலிலும் விலையிலும் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு மற்ற மூன்றின் சராசரியால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ‘அளவு வருவாய்’ ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். 2024 பயிராண்டு வரை இருந்த விதிப்படி, கவுண்டியின் அந்த ஆண்டு வருவாய் அதில் 86 சதவீதத்துக்குக் கீழே போனால், அளவு வருவாயில் 10 சதவீதம் வரை பணம் வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, தன் வயல் முழுவதும் ஆலங்கட்டி மழையில் போனவருக்கு, கவுண்டியின் மற்ற வயல்கள் நன்றாக விளைந்திருந்தால், இத்திட்டத்தில் எதுவும் கிடைக்காது என்பது. கவுண்டியே வறண்டு கிடக்க, தன் வயல் மட்டும் தப்பியவருக்கோ பணம் வரும். கிழக்கும் மேற்கும் மழையில் இவ்வளவு வேறுபடும் விட்மன் போன்ற கவுண்டியில் இது பெரிய விஷயம். ஒவ்வொரு கவுண்டிக்கும் பயிருக்கும் உரிய அளவு வருவாய், உண்மை விளைச்சல், விலை ஆகியவற்றை முகமை அட்டவணையாக வெளியிடுகிறது. கோப்பில் காணும் ஏஆர்சி தொகையை அந்த அட்டவணையோடு ஒட்டிப் பார்த்தே விளக்க வேண்டும்.

மற்ற திட்டங்கள்

மண் காப்பு ஒதுக்கீட்டுத் திட்டம் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அரிப்புக்கு உள்ளாகும் நிலத்தை 10 முதல் 15 ஆண்டு வரை பயிரிடாமல் புல்லோ மரமோ வளர்த்து வைப்பதற்கு அரசு தரும் ஆண்டு வாடகை அது. அக்டோபர் மாதத்தில் ஒரே அளவாக, ஆண்டு தவறாமல் வரும் தொகை என்றால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சும்மா இருப்பதற்குச் சம்பளம் என்று இதைக் கேலி பேசுவோர் உண்டு. பலூஸ் குன்றுகளின் மேல்மண் எவ்வளவு அடித்துச் செல்லப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

தற்காலிக உதவிகள்தான் வரைபடத்தில் திடீரென்று எழும் மேடுகள். 2018-இலும் 2019-இலும் பிற நாடுகளுடன் நடந்த வணிகப் போரின் இழப்பை ஈடுகட்ட வந்த சந்தை வசதித் திட்டம் அவற்றில் பெரிய ஒன்று. 2019-இல் பெரும்பாலான வயல் பயிர்களுக்கு, எந்தப் பயிரானாலும் கவுண்டிக்கு ஒரே விகிதம் என்று வைத்து, ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை கொடுத்தார்கள். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இரண்டு வயல்களுக்கு வேறு வேறு விகிதம் கிடைத்தது இதனால்தான். நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இதில் இருக்கிறது. இந்தியா 2017-இன் இறுதியில் பட்டாணிக்கு 50 சதவீதமும், கொண்டைக்கடலைக்கும் மசூருக்கும் 30 சதவீதமும் இறக்குமதி வரி விதித்தது. 2019 ஜூனில் அமெரிக்கக் கொண்டைக்கடலைக்கும் மசூருக்கும் பதிலடி வரியும் சேர்ந்தது. பலூஸ் விவசாயிகளுக்கு அது பெரிய அடி. 2019-ஆம் ஆண்டுத் திட்டத்தில் இந்தப் பருப்பு வகைகளும் சேர்க்கப்பட்டிருந்தன. விட்மனின் அந்த ஆண்டு வரிகளைப் படிக்கும்போது, தில்லியில் எடுத்த முடிவின் நிழலும் அங்கே விழுந்திருப்பதைக் காணலாம்.

வறட்சிக் காலத்தில் மேய்ச்சல் நிலத்துக்குத் தரும் தொகை, அமெரிக்க வறட்சிக் கண்காணிப்பு வரைபடத்தில் அந்தக் கவுண்டி எந்த நிறத்தில் எத்தனை வாரம் இருந்தது என்பதைப் பொறுத்தது. அந்த வரைபடத்தின் பழைய வாரங்களையும் கவுண்டி வாரியாக எடுத்துச் சரிபார்க்க முடியும்.

இவ்வளவு பார்த்த பிறகும் மிகப் பெரிய ஒரு பகுதி கோப்பில் இருக்காது. அது பயிர்க் காப்பீடு. விவசாயி கட்ட வேண்டிய பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேல் அரசே கட்டுகிறது. இழப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் வழியே கொடுக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்ற விவரத்தை வெளியிட மாட்டார்கள். வேளாண்மைத் துறையின் இடர் மேலாண்மை முகமை, கவுண்டி வாரியாகவும் பயிர் வாரியாகவும், பிரீமியம், அரசின் பங்கு, இழப்பீடு, இழப்புக்கான காரணம் ஆகியவற்றின் மொத்தத்தை மட்டும் வெளியிடுகிறது. மானியக் கோப்பில் உள்ளதை மட்டும் கூட்டி, கவுண்டி அரசிடமிருந்து பெற்றது இவ்வளவுதான் என்று எழுதினால் அது அரைக் கணக்கு. காப்பீட்டுத் தொகையைத் தனி வரியாகக் காட்டி, அதில் விவசாயி கட்டிய பங்கைக் கழித்துச் சொல்ல வேண்டும்.

பெயருக்குப் பின்னால் யார்

ஏஆர்சி, பிஎல்சி இரண்டும் சேர்த்து ஒரு நபருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்பது 2024 பயிராண்டு வரை இருந்த உச்சவரம்பு. மூன்று ஆண்டுச் சராசரி வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டியவர்கள் இத்திட்டங்களுக்குத் தகுதி இழப்பார்கள். அப்படியிருந்தும் சில பெயர்களுக்கு நேரே இதைவிடப் பல மடங்கு தொகை இருக்கும். அதைக் கண்டதும் மோசடி என்று பாய வேண்டாம். பொதுக் கூட்டாண்மையாகப் பதிவு செய்த பண்ணைக்கு, விவசாயத்தில் உழைப்பாலோ நிர்வாகத்தாலோ முனைந்து ஈடுபடும் ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனித்தனி வரம்பு உண்டு. 2018-ஆம் ஆண்டுச் சட்டம் குடும்ப உறவின் வட்டத்தைப் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் வரை விரித்தது. இது சட்டம் அனுமதிப்பதுதான். ஆனால் சட்டம் இப்படி அனுமதிக்கலாமா என்ற கேள்வியை எழுப்ப வேண்டியது எழுதுபவரின் கடமை என்றே நான் நினைக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை தொலைபேசியில் ஆலோசனை சொன்னவரையும் நிர்வாகி என்று காட்டி இன்னொரு வரம்பைப் பெற இடமிருந்தால், அந்த வரம்புக்கு அர்த்தமில்லாமல் போகிறது.

குத்தகை முறையையும் கவனியுங்கள். நிலத்தை ரொக்கக் குத்தகைக்கு விட்டவருக்கு இத்தொகை வராது, பயிரிடுபவருக்கே வரும். விளைச்சலில் பங்கு என்ற வாரக் குத்தகையில் இருவருக்கும் பங்கின்படி வரும். பட்டியலில் ஒருவர் பெயர் இல்லை என்பதால் அவருக்குப் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. மானியம் வரும் என்று தெரிந்தால் குத்தகையும் ஏறும்.

நிலத்தின் எல்லை, அடிப்படை ஏக்கர், விதைத்த பயிர் ஆகியவற்றைத் தனித்தனிப் பண்ணைக்கு நீங்கள் பார்க்க முடியாது. 2008-ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டத்தின் 1619-ஆம் பிரிவு அவற்றை வெளியிடத் தடை விதித்து, தொகை, பணம் பெற்றவரின் பெயர், முகவரி ஆகியவற்றுக்கு மட்டும் அந்தத் தடையிலிருந்து விலக்கு அளித்தது. ஆக, பணம் தெரியும், நிலம் தெரியாது. ஏக்கருக்கு இவ்வளவு பெற்றார் என்று ஒரு தனிப் பண்ணையைப் பற்றி எழுதுகிறவர், பண்ணையாளரே பதிவேட்டைக் காட்டினாலொழிய, ஊகத்தைத்தான் எழுதுகிறார்.

பட்டியலில் இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 3 முதல் 11 பேர் கொண்ட கவுண்டிக் குழு, தகுதி தொடர்பான பல முடிவுகளை எடுக்கிறது. உள்ளூர் மக்களே முடிவெடுப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடனிலும் உதவியிலும் தங்களுக்குப் பாகுபாடு காட்டப்பட்டது என்று கறுப்பின விவசாயிகள் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கு 1999-இல் சமரச ஆணையில் முடிந்த வரலாறும் இதே அலுவலகங்களுக்கு உண்டு. கொடுத்த பணம் கோப்பில் இருக்கும். மறுத்த விண்ணப்பம் இருக்காது. கவுண்டியில் எந்த இனத்தவர் எத்தனை பேர் பண்ணை நடத்துகிறார்கள் என்பது கணக்கெடுப்பில் இருக்கிறது. கோப்பு காட்டாத பக்கத்தைத் தேடும்போது அதிலிருந்து தொடங்கலாம்.

எழுதும்போது

தொகைகளை நான்கு பிரிவாகப் பிரித்து வையுங்கள்: விலை ஆதரவு, மண் காப்பு வாடகை, பேரிடர் மற்றும் தற்காலிக உதவி, காப்பீடு. எல்லாவற்றையும் ஒரே மொத்தமாகக் கூட்டினால் காரணங்கள் மறைந்துபோகும். உச்சத்தில் உள்ள 10 சதவீதத்தினர் மொத்தத்தில் எவ்வளவு பெற்றார்கள் என்பதைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துச் சொன்னால், பெயர் எதையும் குறிப்பிடாமலே பகிர்வின் ஏற்றத்தாழ்வைக் காட்டிவிடலாம். பெயர்கள் பொதுப் பதிவில் இருப்பவைதான் என்றாலும், சிறிய ஊரில் ஒரு குடும்பத்தின் பெயரைத் தொகையோடு அச்சிடுவதற்கு முன் அவர்களிடம் பேசி, அந்தத் தொகைக்கு அவர்கள் தரும் விளக்கத்தையும் சேர்க்க வேண்டும். பொதுப் பதவியில் இருப்பவர்கள் தொகை பெற்றிருந்தால் அது வேறு. அதைப் பெயரோடு எழுதத் தயங்க வேண்டாம்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் மேலே சொன்ன எண்கள் பலவற்றை மாற்றியிருக்கிறது. கோதுமையின் குறிப்பு விலை 6.35 டாலராகவும், நபருக்கான வரம்பு 1,55,000 டாலராகவும், ஏஆர்சியின் 86 சதவீதம் 90 ஆகவும், அதன் 10 சதவீத வரம்பு 12 ஆகவும் உயர்ந்துள்ளன. நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிய அடிப்படை ஏக்கர் சேர்க்கவும் அது வழி செய்கிறது. 2025 பயிராண்டுக்கு மட்டும், பிஎல்சி, கவுண்டி ஏஆர்சி இரண்டில் எது அதிகமோ அது கிடைக்கும். அந்தப் பயிராண்டின் தொகை 2026 அக்டோபர் 1-க்குப் பிறகே பட்டுவாடாவாகும் என்பதால், 2024-க்கும் 2025-க்கும் இடையில் பெரிய ஏற்றத்தைக் கண்டால், அதைப் பயிரிழப்பு என்று எழுதிவிடாமல், சட்டத்தின் எண் மாறியதால் வந்தது எவ்வளவு, விலை வீழ்ச்சியால் வந்தது எவ்வளவு என்று பழைய 5.50 டாலரை வைத்து ஒரு முறையும் புதிய 6.35 டாலரை வைத்து ஒரு முறையும் கணக்குப் போட்டு, இரண்டையும் அருகருகே கொடுங்கள்.